கொழுந்து குறைந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ, பத்தாம் தேதி தாண்டிய ஒரு சனிக்கிழமை டவுனுக்குப் போய்ப் பாருங்கள். போன் கடை வாசலில் "அடையாள அட்டை இருந்தால் போதும், மிச்சம் தவணையில்" என்று எழுதியிருக்கும். லீசிங் கம்பனிப் பையன் பஸ் நிலையத்திலேயே துண்டுப் பிரசுரத்தை நீட்டுவார். ஸ்டூடியோ கண்ணாடியில் யாரோ ஒரு பிள்ளையின் பூப்புச் சடங்குப் படம் ஆளுயரத்துக்குத் தொங்கும்: பல்லக்கு, புகை, மூன்று முறை மாற்றிய உடுப்பு. சம்பளத்தோடு வீட்டுக்குப் போகிறவர் இத்தனையையும் தாண்டித்தான் போக வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் நின்று "சிக்கனமாக இருங்கள்" என்று உபதேசம் பண்ணுவதில் பிரயோசனமில்லை. தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்க இந்த நாட்டில் யாருக்கும் தகுதி இல்லை. நாட்சம்பளம் போதாது என்பதும் உண்மைதான். அது தனிப் போராட்டம், எந்தக் குடும்பக் கணக்கும் அதை ஈடுகட்டாது. ஆனால் ஒன்று நம் கையில் இருக்கிறது. நம் வீடுகள் பெரும்பாலும் அரிசி, மாவு வாங்கிக் கடனில் விழுவதில்லை. நல்ல மாதத்தில் கொடுத்த வாக்கை, பேர் (வேலைக்குப் பதிவாகும் நாள்) குறைந்த மாதத்தில் காப்பாற்ற முடியாமல்தான் விழுகின்றன. எனவே குடும்பத்தின் எல்லையைக் குறைந்த மாதத்தில் இருந்து எடுக்க வேண்டும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் வீட்டின் குறைந்த மாதத்தைக் கண்டுபிடியுங்கள்

மேற்குச் சரிவில், அதாவது ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம், ஜனவரி முதல் மார்ச் வரை பனியும் வெயிலுமாகக் கொழுந்து சுருங்கிப்போகும். ஊவாப் பக்கம், பதுளை, அப்புத்தளை, பண்டாரவளையில் அதே சுருக்கம் ஜூலையில் இருந்து செப்டெம்பர் வரை, காய்ந்த காற்றோடு வரும். இதில் ஒரு கொடுமை: ஏலத்தில் நல்ல விலை போகும் மணமான தேயிலை வருவதும் அந்தந்தச் சரிவில் இதே மாதங்களில்தான். மலைக்குப் பேர் கிடைக்கிற காலத்தில் மலையில் ஏறுகிறவருக்குப் பேர் கிடைப்பதில்லை.

கடந்த ஒரு வருடத்துச் சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் வங்கிப் புத்தகம் போதும். ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர் விழுந்திருக்கிறது, எத்தனை அரைப்பேர், கையில் எவ்வளவு வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு மிகக் குறைந்த மூன்று மாதங்களைக் கூட்டி மூன்றால் வகுங்கள். வருகிற தொகைதான் உங்கள் எல்லை. மற்ற மாதங்களில் அதற்கு மேல் வருவது மேலதிகம். அதை மாதச் செலவில் சேர்க்கக் கூடாது.

உதாரணத்துக்கு, கழிவெல்லாம் போக ஒரு பேருக்குக் கையில் 1,500 ரூபாய் நிற்கிறது என்று வைப்போம். 22 பேர் விழுந்த மாதத்தில் 33,000. 14 பேர் விழுந்த மாதத்தில் 21,000. தவணைக்காரரிடம் கையெழுத்துப் போடும்போது நம் மனதில் இருப்பது 33,000. அவர் கதவைத் தட்டுவது 21,000 வந்த மாதத்திலும்தான்.

நாட்சம்பள அறிவிப்பைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 2021இல் 1,000 ரூபாய் என்றார்கள், 2024இல் அடிப்படை 1,350 ஆனது, 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்று அறிவித்தார்கள். அந்த 1,750இல் 200 ரூபாய் வேலைக்கு வந்த நாளுக்கான ஊக்கத்தொகை. எந்தத் தொகையானாலும் பேர் விழுந்தால்தான் காசு. தொலைக்காட்சியில் சொன்ன தொகையை முப்பதால் பெருக்கிக் கடன் வாங்கியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு.

வீட்டில் ஒருவர் கொழும்புப் புறக்கோட்டைக் கடையிலோ கார்மெண்டிலோ வேலை செய்து அனுப்பினாலும் இதே முறைதான்: குறைவாக அனுப்பிய மாதத்தை எடுங்கள். மத்திய கிழக்கில் இருந்து வரும் பணத்தை மாத வரவில் சேர்க்கவே வேண்டாம் என்பேன். ஒப்பந்தம் முடிந்தால் அது ஒரே நாளில் நின்றுவிடும். அதை வீட்டுக் கூரைக்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஒதுக்குங்கள்.

படி 2: சம்பளச் சீட்டைக் கடைசி வரி வரை வாசியுங்கள்

நிறையப் பேர் கீழே இருக்கும் "கையில்" தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். மேலே இருக்கும் கழிவுகளைப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம். தோட்டம் போட வேண்டியது 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். இந்த இரண்டும் உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாதவை. பிறகு சங்கச் சந்தா, மரண நிதி, கோயில் காசு, தேயிலைத்தூள், முற்பணம். ஒவ்வொன்றும் என்ன, எத்தனை மாதத்தில் முடியும் என்று கணக்குப்பிள்ளையிடம் கேளுங்கள். "கேட்டா கோபப்படுவார்" என்று விடாதீர்கள். முடிந்துபோன முற்பணம் இன்னும் வெட்டுப்படுகிறதா என்பது கேட்டால்தான் தெரியும்.

சேமலாப நிதியைக் கையில் வந்த காசாக நினைத்து முன்கூட்டியே செலவழிக்க வேண்டாம். அது பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில் வரும் பணம். அது வந்த வருடமே மகனுக்கு ஓட்டோவும் மகளுக்குக் கல்யாணமுமாய்க் கரைந்துபோன வீடுகளில், அப்பாவும் அம்மாவும் வயதான காலத்தில் மீண்டும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள்.

தீபாவளி முற்பணம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது வட்டியில்லாத கடன், ஆகவே வாங்குங்கள். ஆனால் 20,000 வாங்கி 10 மாதம் வெட்டினால் மாதம் 2,000 குறையும். அந்தக் குறைவும் கொழுந்து இல்லாத மாதத்தில் வந்து விழும். முழுவதையும் துணிக்கடையில் விடாமல், பாதியை அடகில் இருக்கும் நகைக்குக் கட்டினால், இன்னொரு இடத்தில் ஓடும் வட்டி அன்றோடு குறையும். வட்டியில்லாக் கடனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது.

படி 3: விலையைப் பேரில் எண்ணுங்கள்

சின்னப் பழக்கம்தான், ஆனால் வேலை செய்யும். 75,000 ரூபாய் போன் என்றால் 50 பேர். இரண்டு மாதத்துக்கு மேலான வெயில், மழை, அட்டைக்கடி. பையன் அந்த போனைக் கேட்கும்போது "முடியாது" என்று கத்துவதைவிட "ஐம்பது பேர் மகன், அம்மா ஐம்பது நாள் மலை ஏறணும்" என்று சொல்லிப் பாருங்கள். சில பிள்ளைகள் அப்போதும் கேட்பார்கள். சரி, கேட்கட்டும். பழைய போன் ஒன்று 15 பேருக்குக் கிடைக்கும் என்று பேரம் அங்கிருந்து தொடங்கும்.

படி 4: யார் கண்ணிலும் படாத செலவை வெட்டாதீர்கள்

காசு இறுகும்போது நாம் முதலில் எதைக் குறைக்கிறோம்? முட்டையை, பாலை, மீனை. ஏனென்றால் அடுப்படியில் என்ன வேகிறது என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பக்கத்துக் காம்பராவுக்குத் தெரியாது. சடங்கு மண்டபத்தின் அலங்காரம் எல்லோருக்கும் தெரியும். 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம், தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம். வறுமைதான் முதல் காரணம், சந்தேகமில்லை. ஆனால் அந்த வறுமைக்குள்ளும் எந்தக் காசு எங்கே போகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே சம்பளம் வந்த அன்றே முதலில் சாப்பாட்டுக் காசைப் பிரித்து வையுங்கள். மூன்று வேளையும் கோதுமை மாவு ரொட்டியும் கட்டசம்பலும் என்று போகாமல் பருப்பு, நெத்தலி, கீரை, பிள்ளைகளுக்கு முட்டை என்று எழுதிக் கணக்கிடுங்கள். அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய் இந்த நான்கையும் டவுனில் மாதத்துக்கு ஒரே தடவை வாங்கினால் தோட்டத்துக் கடை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் மிஞ்சும். லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தால் போஞ்சி, கீரை, கறிவேப்பிலை போதும். அதற்கு மேல் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

படி 5: சடங்கு, கல்யாணம்: எல்லையை முன்கூட்டியே எழுதுங்கள்

இதில்தான் நிதானமாக நிற்க வேண்டும். ஒரு குடும்பத்தின் பத்து வருடச் சேமிப்பு போவதும், பத்து வருடக் கடன் வருவதும் இந்த ஒரு நாளில்தான்.

பிள்ளை பெரிய மனுஷி ஆன அன்று வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அத்தை ஒரு பட்டியல் சொல்வார், சித்தி ஒரு பட்டியல் சொல்வார், தாய்மாமன் "சீர் நான் பார்த்துக்கிறேன், மண்டபம் மட்டும் பெருசாப் போடுங்க மச்சான்" என்பார். எல்லோரும் சந்தோஷத்தில் பேசுகிறார்கள், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் அப்பாவால் "முடியாது" என்ற வார்த்தையைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் எல்லை வைக்கப் பார்ப்பது வீண்.

எனவே பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதாகும்போதே கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தொகையைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கையில் சேர்த்த பணம், நம்பிக்கையான சீட்டுப் பணம், இவை இரண்டுக்குள் நிற்கும் தொகை. நகை அடகும் வட்டிக் கடனும் அதில் வரக் கூடாது. அந்த நாள் வரும்போது பேச்சு "எவ்வளவு செலவழிப்போம்" என்று தொடங்காமல் "இவ்வளவு இருக்கு, இதுல என்ன செய்யலாம்" என்று தொடங்கும்.

செலவைப் பிரித்துப் பார்த்தால் சாப்பாடுதான் பெரியது. 300 ஆட்களுக்குத் தலைக்கு 1,000 ரூபாய் என்றாலே 300,000. நம் கணக்கில் 200 பேர், அதாவது 200 நாள் வேலை. பட்டியலைக் குறைக்கும் இடம் இதுதான். மண்டபம், மேடை, டிஜே, ட்ரோன் வீடியோ, தண்ணீர்ப் பந்தலில் தொடங்கி ஐஸ்கிரீம் வரை ஒவ்வொன்றாகச் சண்டை பிடிப்பதைவிட, அழைக்கும் ஆட்களைக் குறைத்தால் எல்லாமே தானாகச் சிறுக்கும். லயத்து வாசலில் பந்தல், சொந்தச் சமையல், பின்னேரம் முடிகிற சடங்கு என்று வைத்தால் யாரும் குறைவாகப் பேச மாட்டார்களா? பேசுவார்கள். ஒரு வாரம் பேசுவார்கள். கடன் அதைவிட நீண்ட காலம் பேசும்.

மொய்யைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "மொய் வரும், அதுல அடைச்சிடலாம்" என்ற நம்பிக்கையில்தான் பாதிக் கடன் வாங்கப்படுகிறது. உங்கள் வீட்டு மொய்க் கொப்பியை எடுத்துப் பாருங்கள். இடது பக்கம் நீங்கள் வாங்கியது, வலது பக்கம் திருப்பிச் செய்தது. வலது பக்கம் வெறுமையாக இருக்கும் ஒவ்வொரு பெயரும் நீங்கள் இன்னும் கட்ட வேண்டிய கடன், அதுவும் பெரும்பாலும் கூட்டித்தான் செய்ய வேண்டும். ஆகவே மொய்யை வரவில் எழுதாதீர்கள். வந்ததைத் தனிக் கணக்கில் போட்டு, அதில் இருந்தே மற்றவர் வீட்டு விசேஷங்களுக்குத் திருப்பிச் செய்யுங்கள். ஐப்பசி, தை மாதங்களில் வாரத்துக்கு ஒரு அழைப்பு வரும்போது இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

உறவுக்குப் பதில் சொல்ல வார்த்தை தயாராக இருக்கட்டும். "அண்ணி, பிள்ளைக்கு ஓலெவல் டியூஷன் இருக்கு, அதுக்கு எடுத்து வச்சிருக்கோம்" என்றால் எதிர்ப் பேச்சு குறைவு. படிப்பைக் காட்டிச் சொல்லும் மறுப்புக்கு மலையகத்தில் இன்றும் மரியாதை இருக்கிறது.

கோயில் திருவிழாவும் இதே கதைதான். மேல் டிவிஷன் தேருக்கு இத்தனை லைட் போட்டால் கீழ் டிவிஷன் அதற்கு மேல் போட வேண்டும் என்ற போட்டியில் தலைவரி ஏறிக்கொண்டே போகிறது. வரி நிர்ணயிக்கும் கூட்டத்துக்குப் போய், போன வருடக் கணக்கை வாசித்த பிறகு இந்த வருடத் தொகையைப் பேசலாம் என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் சாமி குற்றம் ஆகிவிடும். நாலு வீடு சேர்ந்து கேட்டால் அது கணக்கு. மாசியில் காமன் கூத்து நடத்தும் தோட்டங்களில் ஆடுகிறவரும் பாடுகிறவரும் தப்பு அடிக்கிறவரும் நம் ஆட்களே. பக்திக்கும் கொண்டாட்டத்துக்கும் அதில் என்ன குறை?

படி 6: கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

கடன் என்பது நமக்குப் புதிதில்லை. வேலைக்கு ஆள் சேர்த்து மேற்பார்த்த கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அந்தக் கடனோடு ஆளையே ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. இன்று துண்டு இல்லை. வாராந்தத் தவணை அட்டை இருக்கிறது.

கடைப் பற்று இருந்தால் கடைக்காரர் கொப்பி ஒன்று, உங்கள் கொப்பி ஒன்று. சாமான் வாங்கும்போதே இரண்டிலும் எழுத வேண்டும். பிள்ளையை அனுப்பிப் பற்றில் வாங்கும் பழக்கத்தை நிறுத்தினாலே மாதக் கடைசியில் தொகை குறையும். பிஸ்கட்டும் டொபியும் எப்படி ஏறியது என்ற சண்டையும் குறையும்.

சீட்டு நல்லது, பிடிக்கிறவர் நல்லவராக இருந்தால். பத்துப் பேர் மாதம் 5,000 போட்டால் 50,000. முதல் மாதம் எடுத்தவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. அவசரம் இல்லை என்றால் பின்னால் எடுங்கள். உங்கள் குறைந்த மாதத்திலும் 5,000 போட முடியுமா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். முடியாவிட்டால் 2,000 சீட்டு தேடுங்கள்.

நகை அடகில் ஒரு பொறி இருக்கிறது. பவுண் விலை ஏறினால் அதே சங்கிலிக்கு வங்கி கூடுதலாகத் தரும். "இன்னும் எடுக்கலாம் அம்மா" என்று கவுண்டரில் சொல்வார்கள். கூடுதலாக எடுத்தால் மீட்பதும் கூடுதலாகத்தான். பிள்ளையின் மருந்துக்கு 40,000 தேவையென்றால் 40,000 மட்டும் எடுங்கள். சீட்டில் உள்ள கடைசித் தேதியைச் சுவர்க் கலண்டரில் குறியுங்கள். கையில் 2,000, 3,000 கிடைக்கும்போதெல்லாம் பகுதியாகக் கட்ட முடியுமா என்று அடகு வைக்கும் அன்றே கேளுங்கள்.

மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி கேட்கிறவரிடம் 20,000 வாங்கினால் மாதம் 2,000 வட்டி. பத்து மாதத்தில் 20,000 கட்டி முடித்திருப்பீர்கள், முதல் அப்படியே நிற்கும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நுண்கடனுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும், ஏனென்றால் அங்கே வட்டி சின்னதாகத் தெரியும். 50,000 கடன், 24 வீதம், ஒரு வருடம் என்றால் வட்டி 12,000, மொத்தம் 62,000, மாதம் சுமார் 5,170. சரி போலத்தான் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் முதல் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். வட்டி மட்டும் கடைசி வரை முழு 50,000க்கும் ஓடுகிறது. குறைந்துவரும் மிச்சத்துக்குக் கணக்கிட்டால் அது ஆண்டுக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. 2018இல் மத்திய வங்கி தன் கண்காணிப்பில் உள்ள நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பே 35 என்றால், அதற்கு முன்பு என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். கடன் தருபவரிடம் ஒரே கேள்வி: "மிச்சத்துக்கு வட்டியா, முழுத் தொகைக்கும் வட்டியா?" மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். குழுவில் மற்றவருக்காகக் கையெழுத்துப் போடும்போது, அந்தத் தொகை உங்கள் கடன் என்றே உங்கள் கொப்பியிலும் எழுதுங்கள்.

ஓட்டோ லீசிங்குக்குத் தவணையை மட்டும் பார்க்க வேண்டாம். டயர், இன்ஷுரன்ஸ், லைசன்ஸ், நம் மலை ரோட்டில் அடிக்கடி போகும் பிரேக், எல்லாம் சேர்த்துப் பாருங்கள். தவணை பிந்தினால் வண்டியும் போகும், கிரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) பெயரும் ஏறும், அடுத்து வங்கிக் கடன் கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும்.

படி 7: அவசரக் காசு

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்தபோது உடுத்த துணியோடு ஓடியவர்கள் ஏராளம். வேலை நின்றது, ரோடு நின்றது. அப்படி ஒரு வாரத்துக்கு வேண்டிய சாப்பாட்டுக் காசு வங்கியில், மனைவியின் பெயரிலான கணக்கில் இருக்கட்டும். நல்ல மாதத்தின் மேலதிகத்தில் இருந்து இதுதான் முதலில் எடுபட வேண்டும். மலை ஏறுவது மனைவி, சம்பளம் வாங்கப் போவது கணவன், இடையில் டவுன் பார் என்ற பழைய வழக்கம் உள்ள வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் அவசியம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு, சேமலாப நிதி ஆவணம் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

படி 8: ஏற்கெனவே மூழ்கியிருந்தால்

முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள், கணவனுக்குத் தெரியாமல் மனைவி வாங்கியதும், மனைவிக்குத் தெரியாமல் கணவன் வாங்கியதும் சேர்த்து. அன்றைக்கு வீட்டில் சண்டை வரத்தான் செய்யும். மறைத்து வைத்தால் பின்னால் வரும் சண்டை அதைவிடப் பெரிது.

பிறகு புதுக் கடனை நிறுத்துங்கள். ஒரு நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் என்பது தொடங்கிவிட்டால் முடிவே இருக்காது. வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள்: மாத வட்டிக்காரர், அப்புறம் நுண்கடன், அப்புறம் அடகு, கடைசியில் உறவினர் கைமாற்று. உறவினரைக் கடைசியில் வைப்பது சங்கடம்தான். ஆனால் நேரில் போய் "மாமா, சித்திரைக்குள்ள தந்திடுறேன், இப்போ மாசம் ஆயிரம் வச்சுக்கோங்க" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒளிந்து திரிவதைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

கம்பனிகளுக்குத் தவணை பிந்தப்போகிறது என்றால் பிந்துவதற்கு முன்பே போய்த் தவணையைச் சிறிதாக்கி, காலத்தை நீட்டிக் கேளுங்கள். போகும்போது சம்பளச் சீட்டுகளைக் கொண்டுபோங்கள். கொழுந்து இல்லாத மாதம் எது என்று அதில் தெளிவாகத் தெரியும். புதிய தவணை எவ்வளவு என்று அவர்கள் சொன்னதும் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கு வந்து படி 1இல் எழுதிய தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் பதில் சொல்லுங்கள்.

கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். வீடு தேடி வந்து வசூலிப்பவர் அட்டையில் கையெழுத்துப் போடாமல் காசை வாங்கிப்போக விடாதீர்கள். கடைசித் தவணை கட்டிய அன்று கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள். வெறும் தாளில் போட்டுக்கொடுத்த கையெழுத்து ஏதும் இருந்தால் அதையும் திருப்பி வாங்கி, வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போடுங்கள். கடிதம் மட்டும் பொலித்தீன் பைக்குள்.